பல்லுறுப்பிச் சூரியக்கலங்களின் வரலாறு

பல்லுறுப்பிச் சூரியக்கலம் என்பது, ஒளியை மின்னாற்றலாக மாற்றும் பணிக்குச் சிலிக்கான் படிகத்திற்குப் பதிலாகக் குறைகடத்திப் பண்பு கொண்ட பல்லுறுப்பிகளை, அதாவது பாலிமர்களைப் பயன்படுத்தும் சூரிய மின்கலம் ஆகும். கரிமச் சூரியக்கலங்கள் என்னும் பெரிய குடும்பத்தில் இது ஒரு பிரிவு. இதில் ஒளியை உறிஞ்சும் அடுக்கின் தடிமன் பொதுவாக 100 முதல் 200 நானோமீட்டர் வரைதான். வழக்கமான சிலிக்கான் தகட்டின் தடிமனில் இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. பல்லுறுப்பியைக் கரைப்பானில் கரைத்து மை போல் ஆக்கி, நெகிழித் தாளின் மேல் பூசியோ அச்சிட்டோ இவ்வகைக் கலத்தைச் செய்துவிட முடியும்.

செய்தித்தாளை அச்சிடும் வேகத்தில் மின்கலத்தை அச்சிட முடிந்தால் சூரிய மின்சாரம் ஏழை வீட்டுக் கூரைக்கும் எட்டும் என்ற எதிர்பார்ப்பே இத்துறையை வளர்த்தது. முப்பது ஆண்டுகளில் இக்கலங்களின் திறன் ஒரு விழுக்காட்டுக்கும் கீழிருந்து 20 விழுக்காடு வரை உயர்ந்துள்ளது. ஆனால் அதே காலத்தில் சிலிக்கானின் விலை எவரும் எதிர்பாராத அளவுக்குச் சரிந்தது. எனவே பல்லுறுப்பிச் சூரியக்கலத்தின் வரலாறு ஓர் அறிவியல் வெற்றியின் வரலாறாகவும், ஒரு பொருள் 'மலிவானது' என்று எப்போது சொல்லலாம் என்ற கேள்வியின் வரலாறாகவும் அமைந்துள்ளது.

சிலிக்கானும் அதன் விலையும்

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1839 ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மண்ட் பெக்கெரல் கண்டறிந்தார். நடைமுறைக்குப் பயன்படும் முதல் சூரியக்கலம் வருவதற்கு அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகியோர் 1954 ஆம் ஆண்டில் சிலிக்கான் சூரியக்கலத்தை உருவாக்கினர். அதன் திறன் ஏறத்தாழ 6 விழுக்காடு. அதாவது, விழும் ஒளியாற்றலில் நூற்றில் ஆறு பங்கை அது மின்னாற்றலாக மாற்றியது. 1958 ஆம் ஆண்டில் ஏவப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக்கோளில் இத்தகைய கலங்கள் பயன்பட்டன. விண்வெளிப் பயணத்திற்கு விலை ஒரு தடையாக இருக்கவில்லை; வீடுகளுக்கு அது பெரும் தடையாக இருந்தது.

சிலிக்கான் மணலில் தாராளமாகக் கிடைக்கும் தனிமம். ஆனால் மணலைச் சூரியக்கலமாக மாற்றுவது எளிதன்று. குவார்ட்சை மின்வில் உலையில் கரியுடன் சேர்த்து ஏறத்தாழ 2000 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒடுக்க வேண்டும். கிடைக்கும் சிலிக்கானை வேதியியல் முறையில் மிக உயர்ந்த தூய்மைக்குக் கொண்டுவர வேண்டும். பின்னர் அதை 1414 பாகைக்கு மேல் உருக்கிப் படிகமாக வளர்த்து, கம்பியால் மெல்லிய தகடுகளாக அறுக்க வேண்டும். அறுக்கும்போது பெருமளவு சிலிக்கான் தூளாகி வீணாகும். மேலும், சிலிக்கான் ஒளியை உறிஞ்சுவதில் வல்லதன்று. ஆகவே தகடு தடிமனாக இருக்க வேண்டியுள்ளது. இந்தச் செலவுகளைத் தவிர்க்க வழியுண்டா என்ற தேடலே வேதியியலாளர்களைக் கரிமப் பொருள்களின் பக்கம் திருப்பியது.

மின்கடத்தும் நெகிழி

நெகிழி என்றாலே மின்சாரம் கடத்தாத பொருள் என்பது பொதுவான எண்ணம். மின்கம்பிகளின் மேலுறையாக அது பயன்படுவதும் அதனால்தான். இருப்பினும் சில பல்லுறுப்பிகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடும் என்பதற்கான சான்றுகள் முன்பே கிடைத்திருந்தன. 1963 ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அயோடின் சேர்ந்த பாலிபிரோல் மின்சாரத்தைக் கடத்துவதைப் பதிவு செய்தனர். அது அப்போது பரவலான கவனத்தைப் பெறவில்லை.

திருப்புமுனை ஜப்பானில் தொடங்கியது. 1967 ஆம் ஆண்டில் டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹிதேகி ஷிராகவாவின் ஆய்வகத்தில் பாலிஅசிட்டிலீன் தயாரித்தபோது, தவறுதலாக வினையூக்கி ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. வழக்கமாகக் கிடைக்கும் கரிய தூளுக்குப் பதிலாக வெள்ளிபோல் பளபளக்கும் மெல்லிய படலம் உருவாயிற்று. பின்னாளில் டோக்கியோவுக்கு வந்த அமெரிக்க வேதியியலாளர் ஆலன் மக்டியார்மிட், ஒரு கருத்தரங்கின் இடைவேளையில் ஷிராகவாவைச் சந்தித்து இப்படலத்தைப் பற்றி அறிந்தார். ஷிராகவாவை அவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திற்கு அழைத்தார். அங்கே இயற்பியலாளர் ஆலன் ஹீகரும் இணைந்தார். படலத்தின் மேல் அயோடின் ஆவியைச் செலுத்தியபோது அதன் மின்கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977 ஆம் ஆண்டில் வெளியான இக்கண்டுபிடிப்புக்காக மூவருக்கும் 2000 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய பல்லுறுப்பிகளின் கார்பன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்திருக்கும். அதனால் சில எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டு கிடக்காமல் சங்கிலி நெடுகப் பரவியிருக்கும். வேற்றுப்பொருள் சேர்த்தால் இவை உலோகம் போல் மின்சாரத்தைக் கடத்தும். சேர்க்காவிட்டால் குறைகடத்தியாக நடந்துகொள்ளும். குறைகடத்தி என்றால் ஒளியை மின்னாக்கவும் இயலும். மின்னை ஒளியாக்கவும் இயலும். இரண்டாவது திறம் முதலில் வெளிப்பட்டது. 1990 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜெரெமி பரோஸ், டோனல் பிராட்லி, ரிச்சர்ட் ஃப்ரெண்ட் ஆகியோரின் குழு, மின்சாரம் செலுத்தினால் ஒளிரும் பல்லுறுப்பியைக் காட்டியது.

பல்லுறுப்பியில் உள்ள சிக்கல்

பாலிஅசிட்டிலீன் முதலிய பல்லுறுப்பிகளை இரு உலோக மின்முனைகளுக்கு இடையில் வைத்துச் செய்த தொடக்ககாலச் சூரியக்கலங்களின் திறன் ஒரு விழுக்காட்டில் சிறு பகுதியாகவே இருந்தது. இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் பின்னர் நடந்தவற்றின் அருமை விளங்கும்.

சிலிக்கானில் ஒளி பட்டவுடன் ஓர் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமான 'துளை'யும் தோன்றுகின்றன. அறை வெப்பநிலையில் இருக்கும் வெப்ப ஆற்றலே இவ்விரண்டையும் பிரித்துவிடப் போதுமானது. பிரிந்தவை தத்தம் மின்முனையை நோக்கி ஓடுகின்றன, மின்னோட்டம் கிடைக்கிறது.

பல்லுறுப்பியில் அவ்வாறு நடப்பதில்லை. அங்கே எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு ஒரே இணையாக நகர்கின்றன. இவ்விணை எக்சைட்டான் எனப்படும். இதைப் பிரிக்க ஏறத்தாழ 0.3 முதல் 0.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அறை வெப்பநிலையில் கிடைப்பதோ 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். பிரியாத இணை ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவு நகர்வதற்குள் மீண்டும் சேர்ந்து அழிந்துவிடும். அதனோடு ஒளியின் ஆற்றலும் வீணாகும்.

ஆக, ஒரு முரண்பாடு எழுகிறது. போதிய ஒளியை உறிஞ்ச அடுக்கு 100 நானோமீட்டருக்காவது தடித்திருக்க வேண்டும். எக்சைட்டான் பயனுள்ள இடத்தை அடைய வேண்டுமானால் அது தோன்றிய இடத்திலிருந்து 10 நானோமீட்டருக்குள் அந்த இடம் இருக்க வேண்டும். இந்த இரு எண்களையும் இணங்கச் செய்ததே பல்லுறுப்பிச் சூரியக்கலத்தின் மையக் கண்டுபிடிப்பு.

இரண்டு அடுக்குக் கலம்

எக்சைட்டானைப் பிரிக்கும் வழியை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஹாங்காங்கில் பிறந்தவரும் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றியவருமான சிங் டாங். அவர் பயன்படுத்தியவை பல்லுறுப்பிகள் அல்ல. சிறு மூலக்கூறுகளாலான சாயங்கள். தாமிர தாலோசயனின் என்னும் நீலச் சாயத்தின் மேல் பெரிலீன் வகைச் சாயம் ஒன்றை வெற்றிடத்தில் படியவைத்தார். முதலாவது எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் 'வழங்கி'; இரண்டாவது அதை ஆவலுடன் பெற்றுக்கொள்ளும் 'ஏற்பி'. இரண்டும் தொடும் எல்லைக்கு வரும் எக்சைட்டான் அங்கே பிரிகிறது. எலக்ட்ரான் ஏற்பியின் பக்கமும் துளை வழங்கியின் பக்கமும் செல்கின்றன. 1986 ஆம் ஆண்டில் வெளியான இக்கலத்தின் திறன் ஏறத்தாழ 1 விழுக்காடு. கரிமப் பொருள்களில் அது அன்று பெரிய எண்.

ஆனால் எல்லைக்கோட்டிலிருந்து 10 நானோமீட்டருக்கு அப்பால் தோன்றும் எக்சைட்டான்கள் இக்கலத்திலும் வீணாயின. எல்லை ஒரே ஒரு தளமாக இருந்ததுதான் குறை.

ஃபுலரீனின் வருகை

1985 ஆம் ஆண்டில் ஹரால்டு குரோட்டோ, ராபர்ட் கர்ல், ரிச்சர்ட் சுமாலி ஆகியோர் 60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் இணைந்த மூலக்கூறு ஒன்றைக் கண்டறிந்தனர். பக்மின்ஸ்டர்ஃபுலரீன் அல்லது சி60 எனப்படும் இதற்காக அவர்கள் 1996 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். 1990 ஆம் ஆண்டில் வொல்ஃப்காங் கிராட்ச்மர், டொனால்டு ஹஃப்மன் ஆகியோர் இதைக் கிராம் கணக்கில் தயாரிக்கும் முறையை வெளியிட்ட பிறகு உலகெங்கும் ஆய்வகங்களில் சி60 கிடைக்கத் தொடங்கியது.

அப்போது ஹீகர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் இருந்தார். அவருடன் வேதியியலாளர் ஃபிரெட் வுட்ல், துருக்கியில் பிறந்த இயற்பியலாளர் நியாசி செர்தார் சாரிசிஃப்ட்சி, லாரா ஸ்மிலோவிட்ஸ் ஆகியோர் பணியாற்றினர். குறைகடத்திப் பல்லுறுப்பியோடு சி60ஐக் கலந்து ஒளியூட்டியபோது, பல்லுறுப்பியிலிருந்து சி60க்கு எலக்ட்ரான் மிக விரைவாகத் தாவுவதை 1992 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். அதே காலத்தில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் கட்சுமி யோஷினோவின் குழுவும் தனியாக இம்முடிவை எட்டியது. இத்தாவல் ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்திற்கும் குறைவான காலத்தில் நிகழ்கிறது என்பது தெரியவந்தது. எலக்ட்ரானும் துளையும் மீண்டும் சேர்வதற்கு ஆகும் காலமோ இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே பல்லுறுப்பியும் சி60உம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தை அடையும் எக்சைட்டான் ஏறத்தாழத் தவறாமல் பிரிந்துவிடும்.

கலவைக் கலம்

எஞ்சிய கேள்வி, தொட்டுக்கொள்ளும் இடத்தை எப்படிப் பெருக்குவது என்பதே. விடை எளிமையானது: இரண்டையும் அடுக்காக வைக்காமல் ஒன்றாகக் கலந்துவிடுவது.

ஒரு பெரிய வயலின் ஓரத்தில் மட்டும் வாய்க்கால் ஓடினால் நடுவில் உள்ள பயிருக்கு நீர் எட்டாது. வயலுக்குள்ளேயே பல கிளை வாய்க்கால்களை வெட்டிவிட்டால் எந்தப் பயிரும் நீருக்கு வெகு தொலைவில் இராது. அதுபோல வழங்கியும் ஏற்பியும் நானோமீட்டர் அளவில் பின்னிப் பிணைந்திருந்தால், அடுக்கு எவ்வளவு தடித்தாலும் ஒவ்வொரு எக்சைட்டானுக்கும் 10 நானோமீட்டருக்குள் ஓர் எல்லை கிடைத்துவிடும். அதேவேளை, கிளை வாய்க்கால்கள் யாவும் பெரிய வாய்க்காலோடு இணைந்திருப்பதுபோல, இரு பொருள்களின் பாதைகளும் இடையில் அறுபடாமல் மின்முனைவரை செல்ல வேண்டும்.

இதற்கு ஒரு தடை இருந்தது. சி60 கரைப்பான்களில் நன்றாகக் கரையாது. கலவையில் எளிதில் கட்டிகட்டும். நெதர்லாந்து வேதியியலாளர் ஹும்மெலன், வுட்லுடன் இணைந்து சி60இல் ஒரு பக்கச் சங்கிலியைச் சேர்த்து அதைக் கரையக்கூடியதாக மாற்றினார். பிசிபிஎம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இச்சேர்மம் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இத்துறையின் நிலையான ஏற்பியாக விளங்கியது. 1995 ஆம் ஆண்டில் யூ, காவோ, ஹும்மெலன், வுட்ல், ஹீகர் ஆகியோர் இவ்வகைக் கலவையால் செய்த கலத்தை வெளியிட்டனர். ஒற்றை நிற மென்மையான ஒளியில் அதன் திறன் 2.9 விழுக்காடாக இருந்தது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் குழுவினர் ஃபுலரீன் இல்லாமல், இரு வேறு பல்லுறுப்பிகளைக் கலந்து இதே கொள்கையை நிறுவினர்.

இன்றுவரை செய்யப்படும் பெரும்பாலான பல்லுறுப்பிச் சூரியக்கலங்கள் இந்தக் கலவை அமைப்பையே பின்பற்றுகின்றன.

படிப்படியாக உயர்ந்த திறன்

சாரிசிஃப்ட்சி 1996 ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் உள்ள யோகான்னஸ் கெப்ளர் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். அங்கிருந்து 2001 ஆம் ஆண்டில் வந்த முடிவு பலரை வியக்கவைத்தது. கலவையைக் கரைக்கும் திரவத்தை டொலுவீனிலிருந்து குளோரோபென்சீனுக்கு மாற்றியதால் மட்டும் திறன் ஏறத்தாழ மூன்று மடங்காகி 2.5 விழுக்காட்டை எட்டியது. பொருள்கள் மாறவில்லை, அவை காய்ந்து படியும் விதம் மாறியது. கலவையின் உள்ளமைப்பே திறனைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

அடுத்த கட்டத்தில் பி3எச்டி என்னும் தயோஃபீன் வகைப் பல்லுறுப்பி முன்னணிக்கு வந்தது. 2003 ஆம் ஆண்டில் லின்ஸ் குழு, செய்து முடித்த கலத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தி 3.5 விழுக்காட்டை அடைந்தது. சூடேற்றும்போது சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதால் துளைகள் எளிதில் நகர்ந்தன. 2005 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிசில் யாங் யாங்கின் குழு, படலத்தை மெல்ல உலரவிட்டு 4 விழுக்காட்டைத் தாண்டியது. அதே ஆண்டில் ஹீகரின் குழு 5 விழுக்காட்டை எட்டியது.

இதற்குமேல் பி3எச்டியால் ஏற முடியவில்லை. சூரிய ஒளியில் பெரும் பங்கு சிவப்பிலும் அகச்சிவப்பிலும் உள்ளது. பி3எச்டி அவற்றை உறிஞ்சாது. ஆற்றல் இடைவெளி குறைந்த புதிய பல்லுறுப்பிகளை வடிவமைக்க வேண்டியிருந்தது. எந்த ஆற்றல் மட்டங்கள் இருந்தால் 10 விழுக்காடு கிட்டும் என்பதற்கான வடிவமைப்பு விதிகளை 2006 ஆம் ஆண்டில் மார்க்குஸ் ஷார்பரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். குருட்டாம்போக்கில் தேடிவந்த வேதியியலாளர்களுக்கு அது வழிகாட்டியாயிற்று. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் மரியோ லெக்லர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் லூப்பிங் யூ ஆகியோரின் குழுக்கள் உருவாக்கிய பல்லுறுப்பிகள் 2010 ஆம் ஆண்டுவாக்கில் திறனை 6, 7 விழுக்காடு என உயர்த்தின. 2012 ஆம் ஆண்டில் சீனாவின் தென்சீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யோங் காவோவின் குழு 9 விழுக்காட்டைத் தாண்டியது. வேறுவேறு நிறங்களை உறிஞ்சும் இரு கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 2013 ஆம் ஆண்டில் யாங் யாங்கின் குழு 10.6 விழுக்காட்டை அடைந்தது.

அச்சு இயந்திரத்தில் மின்கலம்

இவையெல்லாம் ஆய்வகச் சாதனைகள். கலத்தின் பரப்பு பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. கண்ணாடித் துண்டைச் சுழற்றி அதன்மேல் கரைசலைச் சொட்டிப் பரவச்செய்யும் முறையில் அவை செய்யப்பட்டன. அம்முறையில் கரைசலில் பெரும்பகுதி சிதறி வீணாகும். தொழிற்சாலைக்கு அது ஒத்துவராது.

தொழில்முறை உற்பத்தியில் ஊன்றிக் கவனம் செலுத்தியவர்களுள் முதன்மையானவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிரெடரிக் கிரெப்ஸ். ரிசோ ஆய்வகத்தில் அவருடைய குழு, சுருளாகச் சுற்றிய நெகிழித் தாளை ஒரு முனையில் ஏற்றி, அச்சிட்டு, உலர்த்தி, மறுமுனையில் சுருட்டி எடுக்கும் முறையை வளர்த்தது. வெற்றிட அறையும் மிகத் தூய்மையான சூழலும் இல்லாமல் திறந்த காற்றிலேயே அச்சிட முடியும் என்று காட்டியது. ஒளி ஊடுருவும் மின்முனையாகப் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடு விலை மிகுந்தது. இண்டியம் அரிதான உலோகமும்கூட. அதற்குப் பதிலாக மெல்லிய வெள்ளிக் கோடுகளை அச்சிடும் முறையை அவர்கள் கையாண்டனர். மின்சாரம் எட்டாத ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கான சிறு கைவிளக்குகளில் இக்கலங்களைப் பொருத்திச் சோதித்தனர். பின்னர் 100 மீட்டர் நீளமுள்ள அச்சிட்ட சுருள்களை மரச்சட்டங்களில் விரித்து ஒரு சிறு சூரியப் பண்ணையையே அமைத்தனர்.

இம்முயற்சிகளால் ஓர் உண்மை தெளிவாயிற்று. ஆய்வகத்தில் சில சதுர மில்லிமீட்டரில் பெறும் திறன், அச்சிட்ட பெரிய தாளில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. தாளின் ஏதோ ஓரிடத்தில் விழும் சிறு ஓட்டையும் முழுக் கலத்தையும் பாதித்தது.

ஆயுட்காலம்

சிலிக்கான் தகடுகளுக்கு உற்பத்தியாளர்கள் 25 ஆண்டு உத்தரவாதம் தருவது வழக்கம். பல்லுறுப்பிக் கலங்கள் தொடக்கத்தில் திறந்த காற்றில் சில மணி நேரமே தாங்கின. காரணங்கள் பல.

எலக்ட்ரானைச் சேகரிக்கும் மின்முனையாகப் பயன்பட்ட கால்சியம், அலுமினியம் போன்றவை ஈரமும் ஆக்சிசனும் பட்டால் விரைவில் ஆக்சைடாகிவிடும். மறுமுனையில் பயன்பட்ட கடத்தும் பல்லுறுப்பி அமிலத்தன்மை உடையதால் அருகிலுள்ள அடுக்கை அரித்தது. ஒளியும் ஆக்சிசனும் சேர்ந்து பல்லுறுப்பிச் சங்கிலியையே சிதைத்தன. வெயிலில் கிடக்கும் நெகிழி வாளி வெளிறி நொறுங்குவதும் இவ்வகை மாற்றமே. இவையெல்லாம் இல்லாவிட்டாலும், நுணுக்கமாகப் பின்னப்பட்ட கலவை நாளடைவில் பிரிந்து, வழங்கி தனியாகவும் ஏற்பி தனியாகவும் திரண்டுவிடும் போக்கு உடையது.

தீர்வுகளும் படிப்படியாக வந்தன. மின்முனைகளின் இடத்தை மாற்றி, காற்றில் கெடாத வெள்ளியை மேலே வைக்கும் தலைகீழ் அமைப்பு பரவியது. ஈரம் புகாத உறைகள் உருவாயின. ஒவ்வோர் ஆய்வகமும் தன் வசதிக்கேற்ப ஆயுளை அளந்துவந்ததால் முடிவுகளை ஒப்பிட முடியாதிருந்தது. 2011 ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடிப் பொதுவான சோதனை நெறிகளை வகுத்தனர். உறையிட்ட கலங்கள் திறந்தவெளியில் சில ஆண்டுகள் தாங்கும் நிலை வந்தது. ஆனால் நல்ல உறைக்கும் விலையுண்டு. சிலவேளைகளில் உள்ளிருக்கும் கலத்தைவிட அதைக் காக்கும் உறையே செலவு மிகுந்ததாக இருந்தது.

கொனார்க்கா நிறுவனம்

இத்துறையின் நம்பிக்கையையும் வீழ்ச்சியையும் ஒருங்கே காட்டுவது கொனார்க்கா நிறுவனத்தின் கதை. இந்தியாவில் பிறந்தவரும் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் லோவெல் பல்கலைக்கழகப் பேராசிரியருமான சுகந்த் திரிபாதியின் ஆய்வுகள் இதன் தோற்றத்திற்கு அடிப்படை. ஒடிசாவில் உள்ள கோனார்க் சூரியக் கோவிலின் பெயரே நிறுவனத்திற்குச் சூட்டப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் திரிபாதி காலமானார். மறு ஆண்டில் லோவெல் நகரில் நிறுவனம் தொடங்கியது. ஹீகரும் அதன் நிறுவனர்களுள் ஒருவர். 2004 ஆம் ஆண்டில் செருமனியின் சீமென்ஸ் நிறுவனத்தின் கரிமச் சூரியக்கல ஆய்வுப் பிரிவைக் கொனார்க்கா வாங்கியது.

2008 ஆம் ஆண்டில் நியூ பெட்ஃபோர்டு நகரில் போலராய்டு நிறுவனம் விட்டுச்சென்ற ஆலையை அது எடுத்துக்கொண்டது. ஒளிப்படச் சுருள் தயாரித்த இயந்திரங்களில் சூரியக்கலச் சுருள் தயாராகும் என்பது பலரையும் ஈர்த்தது. கைப்பேசிக்கு மின்னேற்றும் பைகள், நிழற்குடைகள் எனச் சில பொருள்கள் வந்தன. 2010 ஆம் ஆண்டில் அதன் ஆய்வகக் கலம் ஒன்று 8.3 விழுக்காடு திறன் பெற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. ஆனால் விற்பனைக்கு வந்த தாள்களின் திறன் அதில் பாதிகூட இல்லை. 2012 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கொனார்க்கா திவாலானது.

நகர்ந்துகொண்டே இருந்த இலக்கு

கொனார்க்காவின் வீழ்ச்சிக்குத் திறனும் ஆயுளும் மட்டும் காரணமல்ல. 2008 ஆம் ஆண்டில் தூய சிலிக்கான் தட்டுப்பாட்டால் அதன் விலை கிலோ 400 டாலரைத் தாண்டியிருந்தது. சிலிக்கானுக்கு மாற்றாக எதைக் கொண்டுவந்தாலும் முதலீடு கிடைத்த காலம் அது. ஆனால் அதே விலையுயர்வே புதிய சிலிக்கான் ஆலைகளையும் பெருகச் செய்தது. செருமனி முதலிய நாடுகள் சூரிய மின்சாரத்திற்கு அளித்த ஊக்கவிலையால் தேவை பெருகியது. சீனாவில் மாபெரும் தொழிற்சாலைகள் எழுந்தன. 2012 ஆம் ஆண்டின் இறுதியில் சிலிக்கானின் விலை கிலோ 20 டாலர் அளவுக்குச் சரிந்தது. சூரியத் தகட்டின் விலை ஒரு வாட்டுக்கு ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது.

விலையைச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் பல்லுறுப்பிக் கலம் மலிவாகத் தோன்றும். பயனாளருக்குத் தேவைப்படுவது சதுர மீட்டர் அன்று, மின்சாரம். 20 விழுக்காடு திறனுடன் 25 ஆண்டு உழைக்கும் சிலிக்கான் தகட்டையும், 5 விழுக்காடு திறனுடன் 5 ஆண்டு உழைக்கும் பல்லுறுப்பித் தாளையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 20ஐ 25ஆல் பெருக்கினால் 500. 5ஐ 5ஆல் பெருக்கினால் 25. அதே பரப்பில் முதலாவது தரும் மின்சாரம் இருபது மடங்கு. எனவே பல்லுறுப்பித் தாளின் விலை இருபதில் ஒரு பங்காக இருந்தால்தான் இரண்டும் சமம். அப்போதும் கணக்கு முடிவதில்லை. தாங்கும் சட்டம், மின்கம்பி, நிலம், பொருத்துகூலி ஆகியவை பரப்பைப் பொறுத்தவை. திறன் கால்பங்கானால் இவை நான்கு மடங்காகும். கலத்தை இலவசமாகவே கொடுத்தாலும் இச்செலவுகள் குறையா.

திறன், ஆயுள், விலை ஆகிய மூன்றும் ஒரே கலத்தில் ஒருங்கே அமைய வேண்டும் என்பதை இத்துறை இவ்வாறு கற்றுக்கொண்டது. இதே காலத்தில் மற்றொரு போட்டியும் முளைத்தது. 2009 ஆம் ஆண்டில் ஜப்பானின் சுடோமு மியாசகா குழு வெளியிட்ட பெரோவ்ஸ்கைட் சூரியக்கலங்களும் கரைசலிலிருந்து செய்யக்கூடியவை. சில ஆண்டுகளிலேயே அவை பல்லுறுப்பிக் கலங்களை முந்தின. ஆய்வாளர்கள் பலர் அப்பக்கம் சென்றனர்.

ஃபுலரீனுக்குப் பின்

தேக்கத்தை உடைத்தவர்கள் சீன வேதியியலாளர்கள். ஃபுலரீன் எலக்ட்ரானை நன்றாக ஏற்றாலும் சூரிய ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அதன் ஆற்றல் மட்டங்களை வேண்டியபடி மாற்றவும் இயலாது. 2015 ஆம் ஆண்டில் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சியாவ்வெய் சானின் குழு ஐடிஐசி என்னும் புதிய ஏற்பியை உருவாக்கியது. நீண்ட தட்டையான இம்மூலக்கூறு தானே ஒளியை வலுவாக உறிஞ்சியது. ஆக, கலவையின் இரு பங்காளிகளும் ஒளியை உறிஞ்சும் வேலையைப் பகிர்ந்துகொண்டன. 2019 ஆம் ஆண்டில் மத்தியத் தென் பல்கலைக்கழகத்தில் யிங்பிங் சோவின் குழு அறிமுகப்படுத்திய ஒய்6 என்னும் ஏற்பி, அகச்சிவப்பின் தொடக்கப் பகுதிவரை உறிஞ்சி, ஒற்றைக் கலத்தின் திறனை 15.7 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. 2020 ஆம் ஆண்டில் 18 விழுக்காடும், 2024 ஆம் ஆண்டளவில் 20 விழுக்காடும் எட்டப்பட்டன. 2006 ஆம் ஆண்டில் 10 விழுக்காடே தொலைதூர இலக்காகக் கருதப்பட்டதை எண்ணினால் இதன் அளவு புரியும்.

ஆயினும் புதிய மூலக்கூறுகளைத் தயாரிக்கப் பல வேதிவினைப் படிகள் தேவைப்படுகின்றன. பழைய பி3எச்டியைச் சில படிகளிலேயே கிலோ கணக்கில் செய்யலாம். ஆனால் அதன் திறன் குறைவு. மலிவான பொருள் திறன் குறைந்ததாகவும், திறன்மிக்க பொருள் மலிவற்றதாகவும் இருப்பது இன்றைய ஆய்வுகளின் முன்னுள்ள சிக்கல். அச்சிடும்போது பயன்படும் குளோரின் கலந்த கரைப்பான்கள் தொழிலாளருக்கும் சூழலுக்கும் தீங்கானவை என்பதால் அவற்றுக்கு மாற்றுத் தேடும் பணியும் நடக்கிறது.

இன்றைய நிலை

பெரிய சூரிய மின்நிலையங்களில் பல்லுறுப்பிக் கலங்கள் சிலிக்கானோடு போட்டியிடும் நிலை வரவில்லை. சிலிக்கான் செல்ல முடியாத இடங்களே இவற்றின் களமாக உருவாகி வருகின்றன. இவை எடை குறைந்தவை, வளையக்கூடியவை, விரும்பிய நிறத்திலும் வடிவத்திலும் செய்யத்தக்கவை. 2015 ஆம் ஆண்டு மிலான் உலகக் கண்காட்சியில் செருமனியின் அரங்கில் மரம் போன்ற அமைப்புகளில் இத்தகைய அச்சிட்ட கலங்கள் பொருத்தப்பட்டிருந்தன. கனமான தகடுகளைத் தாங்காத கூரைகள், ஒளி ஊடுருவும் சன்னல் கண்ணாடிகள், பயிருக்கு வேண்டிய நிறங்களை விட்டு மற்றவற்றை மட்டும் உறிஞ்சும் பசுமைக்குடில் கூரைகள் ஆகியவற்றில் ஆய்வுகள் நடைபெறுகின்றன. அறைக்குள் எரியும் விளக்கொளியில் சிலிக்கானைவிடச் சிறப்பாகச் செயல்படும் கலவைகளும் உள்ளன. மின்கலம் மாற்றத் தேவையில்லாத சிறு உணரிகளுக்கு அவை பொருந்தும்.

பல்லுறுப்பிக்காகத் தொடங்கிய ஆய்வுகள் வேறு வழிகளிலும் பயன்தந்துள்ளன. கரிமக் குறைகடத்திகளைப் பற்றிய இதே அறிவிலிருந்து வளர்ந்த கரிம ஒளியுமிழ் திரைகள் இன்று கைப்பேசிகளில் எங்கும் காணப்படுகின்றன. திரை சில ஆண்டு உழைத்தால் போதும். அதன் விலையை வாங்குபவர் கைப்பேசியின் விலையோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார். சூரியக்கலமோ வெயிலிலும் மழையிலும் கிடந்து, ஒவ்வோர் அலகு மின்சாரத்தின் விலையிலும் தன்னை மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.